மோலிக்கு எந்தத் தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக மீன் வளர்க்க நினைப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, 'சீக்கிரம் சாகாத மீன் எது?' என்பதுதான். சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் கேட்டாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் கேட்டாலும் சரி, மோலியைக் காட்டுவார்கள். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு, புள்ளி போட்ட டால்மேஷன் என்று பல நிறம். விலையும் குறைவு. முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடும்.

ஆனால் வீட்டுக்கு வந்த சில வாரத்தில் அந்த மோலி ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும். முன்னே நகராது, துடுப்புகள் மடங்கியிருக்கும். உடனே மருந்து வாங்க ஓடுகிறோம். தொட்டியில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று விசாரித்தால், "நாங்க குடிக்கிற ஆர்.ஓ. தண்ணியேதாங்க" என்று பெருமையாகப் பதில் வரும். பெரும்பாலும் கோளாறு அந்தத் தண்ணீரில்தான்.

மோலிகளின் பூர்வீகம் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பகுதிகளும் மத்திய அமெரிக்காவும். பெரிய முதுகுத் துடுப்புள்ள வகைகளில் ஒன்று, சுண்ணாம்புப் பாறை நிறைந்த யுகடான் தீபகற்பத்தைச் சேர்ந்தது. மோலிகள் ஆறு, முகத்துவாரம், கடலோர உப்பங்கழி எல்லாவற்றிலும் வாழும். மெதுவாகப் பழக்கினால் கடல் நீரிலேயே இருக்கும். இப்படிப்பட்ட மீனைக் கால்சியமும் மக்னீசியமும் வடிகட்டப்பட்ட ஆர்.ஓ. தண்ணீரில் விட்டால் எப்படித் தாங்கும்?

பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் என்று நாம் திட்டுகிற போர் தண்ணீர்தான் மோலிக்குப் பொருத்தம். காரத்தன்மை, அதாவது பி.எச். அளவு, 7.5 முதல் 8.5 வரை இருக்கலாம். போர் தண்ணீரை ஒரு நாள் காற்று விட்டு வைத்துப் பிறகு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட வேண்டும்.

கல் உப்புப் போட்டால் போதும் என்று சொல்வார்கள். உப்பு கொஞ்சம் உதவும், ஆனால் அது கால்சியம் தராது. கால்சியமும் மக்னீசியமும் குறைந்த மென்மையான தண்ணீர் உள்ள ஊர்களில், கழுவிய கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைப்பதே சரியான வழி.

கார நீரில் ஓர் ஆபத்தும் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பி.எச். ஏற ஏற அதிக நஞ்சாகும். அதைத் தின்று மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீனை விடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி விளிம்புவரை சுமார் 56 லிட்டர் கொள்ளும். ஓர் ஆண், இரண்டு மூன்று பெண் மீன்களோடு தொடங்குங்கள். பெண் குறைவாக இருந்தால் ஆண் விடாமல் துரத்தி அதை நோகடித்துவிடும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். தீனியில் பாசி, ஸ்பைருலினா, வேகவைத்த கீரை அவசியம், ஏனென்றால் மோலி பாசி மேயும் மீன். பலூன் மோலி என்று உருண்டையாக ஒன்று விற்கிறார்கள். முதுகெலும்பு வளைந்த மீனைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகை அது. அழகு என்கிறார்கள், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இனப்பெருக்கத்துக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அது தானாக நடக்கும். அடிவயிற்றுப் பின்துடுப்பு குச்சிபோல் இருந்தால் ஆண், விசிறியாக விரிந்தால் பெண். சுமார் ஒரு மாதம் சினை. குட்டிகளைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை, தாயே தின்றுவிடும். இதற்கென்று விற்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் சினை மீனைப் பிடித்துப் போடாதீர்கள், மிரண்டு போகும். வேலம்பாசியும் ஜாவா பாசியும் அடர்த்தியாக இருந்தால் போதிய குட்டிகள் ஒளிந்து பிழைக்கும். தூளாக்கிய தீனியும், முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் வகைக் குஞ்சுகளும் நாளைக்கு மூன்று நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

ஆணைப் பிரித்துவிட்டால் குட்டி நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பெண் மோலி விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைத்து, மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பியதும் பக்கத்து ஏரியில் கொட்டுவது நம்மூர் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். கொசுவை ஒழிக்கவென்று 1905இல் டெக்சாஸிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோன மீன்களில் மோலியும் ஒன்று, இன்றுவரை அது அங்கே இருக்கிறது. வளர்ந்த குட்டிகளை வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பல கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். குட்டியே வேண்டாம் என்பவர்கள் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். கொஞ்சம் சண்டை போடும், தொட்டி மட்டும் நிரம்பாது.

வணக்கம்.