ரெண்டு வருஷமா, எழுபது வருஷமா?

நேயர்களுக்கு வணக்கம், ஆண்டவர் இயேசுவின் நாமத்துல எல்லாருக்கும் வாழ்த்துக்கள். நான் கேரளாவுல தமிழ்நாடு பார்டரை ஒட்டி இருக்கிற பாறசாலை பக்கத்துல இருந்து பேசுறேன், பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, இப்போ எங்க சபையில சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு பாடம் எடுக்கறேன். அன்றாட கவலைகளுக்கு நடுவுல ஒரு கிறிஸ்தவன் எப்படி நம்பிக்கையா வாழலாம்னு பேசச் சொல்லி கேட்டாங்க.

நம்ம ஊர் கவலை என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். ஜூன் மாசம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிச்சுதுன்னா ரப்பர் பால்வெட்டு நின்னு போகும், அதே ஜூன்லதான் ஸ்கூலும் திறக்கும், பீஸ், நோட்டு, யூனிபார்ம், குடை எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும், குழு லோன் வாரத்தவணை மட்டும் மழைன்னு சொல்லி ஒரு வாரம் கூட நிக்காது. 2011-ல கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல போன ரப்பர் 2016 ஆரம்பத்துல நூறு ரூபாய் பக்கம் வந்து விழுந்துச்சு, அந்த அஞ்சு வருஷத்துல எத்தனை வீட்டு நகை அடகுக்கு போச்சு, எத்தனை கல்யாணம் தள்ளிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். அண்டி ஆபீஸ், அதான் முந்திரி பேக்டரி, போற அக்காமாருக்கு முந்திரித் தோட்டுல உள்ள எண்ணெய் பட்டு கை அரிச்சுக் கெடக்கும், அந்த கையோட வந்து ராத்திரி சோறு வடிக்கணும். நர்சிங் படிச்ச பிள்ளைக்கு விசா வரல, கல்ஃப்ல இருக்கிற பையன்கிட்ட இருந்து போன் வரல.

இந்த வெசனத்தை எல்லாம் கொண்டுட்டு ஒருத்தர் சபைக்கு வந்தா, சில நேரம் நாம என்ன சொல்றோம்? "உங்களுக்கு விசுவாசம் பத்தாது சிஸ்டர், ஜெபத்துல வைங்க, கவலைப்படறதே பாவம்"னு சொல்லி அனுப்பிடறோம். எனக்கு இதுல கொஞ்சம் கூட சம்மதம் இல்ல. வந்தவங்க ஒரு பாரத்தோட வந்தாங்க, போகும்போது ரெண்டு பாரத்தோட போறாங்க, வீட்டுக் கஷ்டம் போதாதுன்னு இப்போ நமக்கு விசுவாசமும் இல்லையோன்னு ஒரு பயம் வேற.

பைபிள்ல பாருங்க. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" அப்படின்னு பிலிப்பியருக்கு எழுதினது பவுல்தான், அதையும் ஜெயில்ல இருந்துட்டுதான் எழுதறார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது அடி வாங்கினது, கப்பல் உடைஞ்சது, பட்டினி கெடந்தது எல்லாம் வரிசையா சொல்லிட்டு, இதெல்லாம் போக "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது"ன்னு எழுதி வச்சிருக்கார். நாள்தோறும்னு சொல்றார். அப்போ பவுலுக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்லுவோமா? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல ஆண்டவரே தன்னோட ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கத்துல இருக்குன்னு சீஷர்கள்கிட்ட சொல்லி, எங்கூட முழிச்சிருங்கன்னு கேட்டார். 88-ம் சங்கீதம் படிச்சுப் பாருங்க, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அழுகைதான், கடைசி வசனம் கூட இருளோடதான் முடியுது, ஆனா அதை வேதத்துல இருந்து யாரும் கிழிச்சுப் போடல. அந்த அழுகையும் ஜெபம்தான், அது தேவன்கிட்ட சொன்ன அழுகை.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் அந்த வருஷத்துக்கு தேவன் தர்ற வாக்குன்னு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை ஒண்ணு எடுப்போம் இல்லியா, அதுல எல்லாரும் ஆசைப்படற வசனம் ஒண்ணு உண்டு, எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." இது வந்தா அந்த வருஷம் வீடு கட்டி முடிஞ்சிடும், வேலை கெடைச்சிடும்னு ஒரு சந்தோஷம். ஆட்டோ பின்னாடி கண்ணாடியில, கலெண்டர்ல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல எங்க பார்த்தாலும் இந்த வசனம்தான். எனக்கும் ரொம்ப பிடிச்ச வசனம். ஆனா இது யாருக்கு, எந்த நிலைமையில சொன்ன வார்த்தைன்னு பார்த்துட்டு வாசிச்சா அது இன்னும் பெருசா ஆகும்.

அது ஒரு லெட்டர். கிமு 597-ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை பிடிச்சு, ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் கூட்டமா பிடிச்சுட்டு போயிட்டான். அங்க போய் பாஷை தெரியாத ஊர்ல, இன்னைக்கு திரும்பலாமா நாளைக்கு திரும்பலாமான்னு மூட்டையைக் கூட அவிழ்க்க மனசில்லாம உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பின லெட்டர் அது. லெட்டருக்கு முந்தின அதிகாரத்தையும் வாசிங்க, 28-ம் அதிகாரம். அங்க அனனியான்னு இன்னொரு தீர்க்கதரிசி வர்றான். ரெண்டு வருஷம்தான், ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க, ஆலயத்துப் பாத்திரங்களும் திரும்பி வரும்னு ஆலயத்துல வச்சே எல்லார் முன்னாடியும் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல கெடந்த நுகத்தை எடுத்து உடைச்சுப் போடறான். கேட்ட ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. எரேமியா கூட முதல்ல ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராகன்னுதான் சொன்னார். ஆனா அது பொய்னு கர்த்தர் அவருக்கு காட்டினார், பாபிலோனுக்குப் போன லெட்டர்ல இருந்தது ரெண்டு வருஷம் இல்ல, எழுபது வருஷம்.

எழுபது வருஷம்னா, அந்த லெட்டரை கையில வாங்கி வாசிச்ச பெரியவங்கள்ல நிறைய பேர் திரும்பிப் போகப் போறதில்லன்னு அர்த்தம். அவங்களுக்குத்தான் தேவன் சொல்றார், வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட கனியை சாப்பிடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்". இவ்வளவும் சொன்ன பிறகுதான் அந்த 11-ம் வசனம் வருது. கஷ்டம் சீக்கிரம் தீரும்னு சொல்லாமலே, கஷ்டத்துக்கு நடுவுல நான் உங்களை மறக்கலைன்னு சொல்ற வசனம் அது. இன்னைக்கு அடுப்பு எரியணும், இன்னைக்கு தோட்டத்துக்கு தண்ணி விடணும், இன்னைக்கு பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பணும், அதை செய்யறதுதான் அங்க நம்பிக்கை.

நம்ம பார்டர்ல இன்னொரு விதமான நம்பிக்கையும் விக்குது. களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளை வந்துட்டா வழி நெடுக லாட்டரி கடைதான். தமிழ்நாட்டுல 2003-ல லாட்டரியை தடை பண்ணினாங்க, கேரளாவுல 1967-ல இருந்து அரசாங்கமே நடத்துது, அதனால அந்தப் பக்கத்துல இருந்து ஜனங்க இங்க வந்து வாங்கிட்டு போறாங்க. வாங்கறவங்களை நான் குறை சொல்லல, கூலிவேலை செய்யற மனுஷன் பாக்கெட்ல அந்த சீட்டை வச்சுட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் மகளுக்கு கல்யாணம் பண்ணி பார்க்கறான், வீட்டுக்கு கான்கிரீட் போட்டு பார்க்கறான், அந்த மனசு எனக்கு புரியுது. எனக்கு சங்கடம் என்னன்னா நம்ம ஜெபமும் லாட்டரி சீட்டு மாதிரி ஆயிடுது, உபவாசம் இருந்தேன், காணிக்கை போட்டேன், இந்த மாசத்துக்குள்ள விழணும், விழலைன்னா தேவன் என்னை கைவிட்டுட்டார். இத்தனை நாள்ல கடன் தீரும், காணிக்கை அனுப்புன்னு மேடையில நின்னு சொல்றவங்களும் இருக்காங்க, இன்னைக்கும் அனனியா ஊர் ஊரா வர்றான். கேக்கும்போது இனிக்கும், ஆனா தேதி தாண்டினதும் அந்த வீட்டுல உள்ள நம்பிக்கை மொத்தமும் உடைஞ்சு போகும், அப்படி உடைஞ்சு போன வீடுகளுக்கு நான் போயிருக்கேன், அங்க பைபிளைத் திறக்கவே மாட்டேங்கறாங்க. அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

ஒக்கிப் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீங்க, 2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்துல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை அந்தக் கடற்கரை ஊர்க்காரங்க ஆழ்கடல்ல நாள்கணக்கா தங்கி சுறா பிடிக்கற ஆளுங்க, புயல்னு இங்க தெரிய வந்தப்போ அவங்க எப்பவோ கடலுக்குள்ள போயாச்சு. எத்தனையோ பேருக்கு உடல் கூட கிடைக்கல. அந்த ஊர்ப் பொம்பளைங்க கோயில்ல முழங்கால்ல நின்னாங்க, அதே பொம்பளைங்க டிசம்பர் 7-ம் தேதி பங்குச்சாமிமாரோட ஆயிரக்கணக்குல நடந்து வந்து குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உட்கார்ந்து, எங்க ஆளுங்களைத் தேடுங்கன்னு கேட்டாங்க. ஜெபம் பண்ணிட்டு சும்மா வீட்ல இருங்கன்னு அவங்ககிட்ட யார் சொல்ல முடியும்? என்னைப் பொறுத்தவரைக்கும் கோயில்ல நின்னதும் தண்டவாளத்துல உட்கார்ந்ததும் ஒரே விசுவாசம்தான். அந்த ஊர்கள்ல இன்னும் பிள்ளைங்க படிக்கிறாங்க, படகு கடலுக்குப் போகுது, அந்தத் தாய்மார் எப்படி காலையில எழுந்திரிக்கறாங்கன்னு பார்க்காம நம்பிக்கையைப் பத்தி பேசறதுக்கு எனக்கு தைரியம் வராது.

இன்னொரு காரியம், இதை மறைக்காம சொல்லணும். கவலை முத்திப் போய் தூக்கமே வராம, சாப்பாடு இறங்காம, செத்துட்டா நல்லதுன்னு தோணற அளவுக்கு வந்தா அதுக்கு பிசாசு பிடிச்சுதுன்னு பேர் வைக்காதீங்க. எலியா தீர்க்கதரிசி வானத்துல இருந்து அக்கினி இறங்கினதைப் பார்த்த ஆள், அவரே ஒரு சூரைச்செடிக்கு கீழ படுத்து, போதும் கர்த்தாவே என் உயிரை எடுத்துக்கோங்கன்னு சொன்னார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல. தட்டி எழுப்பி, சாப்பிடுன்னு சொன்னான், தலைமாட்டுல தழலில் சுட்ட அடையும் தண்ணியும் இருந்துச்சு, சாப்பிட்டார், மறுபடியும் படுத்துத் தூங்கினார், மறுபடியும் எழுப்பி சாப்பாடு குடுத்தான், ஓரேப் மலையில தேவன் பேசினதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதனால அப்படிப்பட்டவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் குடுங்க. மனசு கஷ்டத்துக்கு ஆலோசனை சொல்ல டெலி மானஸ்னு அரசாங்கத்தோட ஒரு இலவச நம்பர் இருக்கு, 14416, தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசலாம், ராத்திரி எந்த நேரமும் கூப்பிடலாம். எழுதி வச்சுக்கோங்க, 14416.

குமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில சோமர்வெல் டாக்டர்னு ஒருத்தர் இருந்ததை நம்ம தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1922-ல எவரெஸ்ட் ஏறப் போன வெள்ளைக்கார சர்ஜன், அது முடிஞ்சு நெய்யூருக்கு சும்மா பார்க்க வந்தவர், காத்துக் கெடந்த நோயாளிக் கூட்டத்தையும் அவங்களுக்கு இருந்த டாக்டர் எவ்வளவு குறைவுங்கறதையும் பார்த்துட்டு லண்டன்ல காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுட்டு இங்கேயே வேலைக்கு வந்துட்டார். நம்ம ஏழை ஜனங்களோட வயித்துப் புண்ணுக்கு அவர் பண்ணின ஆபரேஷனுக்கு கணக்கில்ல. எல்லாராலயும் அப்படி வர முடியாதுதான். ஆனா திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரி வராந்தாவுல நம்ம குமரி ஜனங்க எத்தனை பேர் பாய் விரிச்சுப் படுத்துக் கெடக்கறாங்க, மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாம எந்த கவுண்டர்னு தேடிட்டு நிக்கறாங்க, எல்லையில பிறந்து ரெண்டு பாஷையும் தெரிஞ்ச நாம ஒரு காலை நேரம் கூடப் போய் நின்னா அவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி.

பழைய சபைகள்ல பிடி அரிசின்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, இப்பவும் சில இடத்துல உண்டு. சோத்துக்கு அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்து தனி பாத்திரத்துல போட்டு வைப்பாங்க, வாரக் கடைசியில சபைக்கு வந்து சேரும். எங்க வீட்டுலயும் அம்மா செஞ்சாங்க, பஞ்ச காலத்துலயும் அந்தப் பாத்திரம் காலியா போனதா எனக்கு ஞாபகம் இல்ல. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் கேட்டுட்டு இருந்தா ஒரு வார்த்தை, இந்த வழக்கத்தை மே மாசமே திரும்ப ஆரம்பிங்க. ஜூன்ல மழை பிடிச்சு பால்வெட்டு நிக்கும்போது எந்தெந்த வீட்டுல அடுப்பு எரியலைன்னு உங்களுக்கே தெரியும், கேட்டு வாங்க வெக்கப்படுவாங்க, அதனால நீங்களே கொண்டு குடுங்க, நோட்டும் குடையும் சேர்த்து குடுத்தா ரொம்ப நல்லது. அசாம், வங்காளத்துல இருந்து வந்து நம்ம பக்கத்துல செங்கல் சூளையிலயும் கட்டட வேலையிலயும் இருக்கிற பையன்களுக்கும் அந்த மழையில வேலை இருக்காது, அவங்க எந்தக் கோயிலுக்குப் போறாங்கன்னு கேக்காம அந்த லைன் வீட்டுக்கும் ஒரு பை அரிசி போகட்டும். இவ்வளவு நேரம் கேட்டதுக்கு நன்றி, வணக்கம்.