ஒரு புள்ளிக்கு 680 ரூபாய்

(காரைக்குடியில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்துக் காலத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்தில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

ஆயர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும், வேப்பமரத்து நிழலில் நிற்கிற தம்பிமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

பசி வேளை. நேராகக் கேட்டுவிடுகிறேன். மே மாதம் கொடைக்கானலில் நடக்கிற ஐந்து நாள் கோடை முகாமுக்கு நம் ஞாயிறு பள்ளியின் 22 பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும். ஒருத்தர் விடாமல். போன வருடம் போனது எட்டே பேர்.

மீதி 14 பேர் வீட்டுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் நாங்கள் நடந்தோம். பாதிக் கட்டணம் போதும் என்றோம். சில வீடுகளில் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்றோம். அப்படியும் அனுப்பவில்லை. எனக்குக் காரணம் விளங்கவில்லை, கொஞ்சம் கோபம்கூட வந்தது. கடைசியில் பலகாரக் கடையில் முறுக்குச் சுற்றுகிற ஒரு தாய்தான் வாசலில் வைத்து, மகள் காதில் விழாதபடி சொன்னார்: "பீஸை நீங்க கட்டிருவீங்க டீச்சர். இவ துணிமணிய எதுல வச்சு எடுத்துக்கிட்டுப் போவா? மாத்துத் துணியே ரெண்டுதான். அங்க குளிருமாம்ல?"

இதைக் கேட்டதும் நான் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த மகளைப் போல ஒரு காலத்தில் இருந்தவள் நான்.

எனக்குப் பதினோரு வயதில் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். எந்த முகாம், யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். அம்மா ஒரு பெரிய வீட்டில் பின்கட்டு வேலை பார்த்தார். அந்த வீட்டு ஆச்சி கொடுத்த ஜவுளிக்கடை மஞ்சள்பையில் என் பாவாடை சட்டைகளை மடித்து வைத்தார். மற்ற பிள்ளைகள் டிரங்குப் பெட்டியும் தோள் பையுமாக வந்திருந்தார்கள். என் பையை நான் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளிவிட்டேன். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் துணி எடுப்பேன்.

ஆனால் அந்த முகாம் எனக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். தனிப் போர்வையில் படுத்தது அங்கேதான் முதல் தடவை. வேதபாடம் எடுத்த அக்கா, யோசேப்பை அவன் அண்ணன்மார் குழியில் போட்ட கதையைச் சொல்லி நிறுத்திவிட்டு, "அந்தக் குழிக்குள்ள அவன் என்ன நினைச்சிருப்பான்?" என்று என்னைக் கேட்டார். என்னை! அதுவரை பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் எனக்கு வேலை சொன்னவர்கள் உண்டு, நினைப்பதைக் கேட்டவர்கள் கிடையாது. நான் இன்றைக்கு உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன் என்றால் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான்.

கடைசி நாள் சாயங்காலம் தர்ம காசில் வந்த பிள்ளைகளை மட்டும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏழு பேர் வரிசையாக நின்றோம். பணம் கொடுத்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டைக் கையில் கொடுத்து, நன்றி சொல்லச் சொல்லி, போட்டோ எடுத்தார்கள். ஐந்து நாளாக என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட தோழி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள், நான் யார் என்று. கொடுத்தவர்கள் நல்லவர்கள், வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. ஆனாலும் அந்தத் துண்டை நான் ஒரு நாளும் உபயோகிக்கவில்லை.

ஆகவே காசு கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன்: யார் காசில் யார் போனார்கள் என்பது இந்தச் சபையில் ஒரு குழந்தைக்கும் தெரியக் கூடாது. வலது கை கொடுப்பதை இடது கை அறிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை நாம் எழுத்துப்படியே செய்து பார்ப்போம்.

ஏன் மே மாதம் என்று ஒரு மூப்பர் கேட்டார். பள்ளிக்கூடம் திறந்திருந்தால் சத்துணவு உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் உண்டு. பள்ளியைப் பூட்டினால் இரண்டும் நின்றுவிடும். தாய் பலகார அடுப்படியில், தகப்பன் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற வேலையில். முகூர்த்த மாதமாக இருந்தால் பலகார ஆர்டர் குவியும், அம்மா திரும்பி வர ராத்திரியாகும். பிள்ளை காலையில் பழையதைக் குடித்துவிட்டு வெயிலில் சுற்றும், இல்லாவிட்டால் நீச்சல் தெரியாமல் ஊருணியில் இறங்கும். ஒவ்வொரு கோடையிலும் அந்தச் செய்தியைப் படிக்கிறோம்.

கொடைக்கானல் பணக்காரப் பிள்ளைகளுக்கான இடமென்று நினைக்காதீர்கள். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். ஊழியக்காரர்களின் குடும்பம் பிழைக்க வேண்டும் என்று ஏறிய மலை அது. அதே வெயில்தான் நம் பிள்ளைகள் தலையிலும் அடிக்கிறது.

முகாமில் என்ன நடக்கும் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஜெபம், வேதபாடம், பாட்டு, விளையாட்டு. சபையில் இல்லாத வீட்டுப் பிள்ளை யாராவது கூட வர ஆசைப்பட்டால், பெற்றோரிடம் போய் இது கிறிஸ்தவ முகாம் என்று சொல்லிக் கேட்போம். வேண்டாமென்றால் விட்டுவிடுவோம், அந்த வீட்டோடு பழக்கத்தை விட மாட்டோம்.

இப்போது கணக்கு. முகாம் கட்டணமும் பஸ்ஸும் சேர்த்துப் பிள்ளைக்கு 2,600 ரூபாய். பை, ஸ்வெட்டர், போர்வை, செருப்பு, துண்டு, இதற்கு 800. ஆக 3,400. இருபத்திரண்டு பேருக்கு 74,800 ரூபாய்.

கொடுப்பதற்குப் பேர்போன ஊர் இது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊர். அந்த மாதிரிக் கை ஒன்று வந்து மொத்தத்தையும் கொடுத்தால் வேண்டாமென்று சொல்வேனா என்று கேட்டால், யோசிப்பேன். நான் பார்த்துப் பழகியது நகரத்தார் வீடுகளில் உள்ள வேறொரு வழக்கம். கல்யாணமாகிவிட்டால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்கு வரி போடும்போது புள்ளிக் கணக்கில்தான் போடுவார்கள். புள்ளியாக இருப்பது கௌரவம்.

நம் சபையில் 110 குடும்பம். 74,800ஐ வகுத்தால் ஒரு புள்ளிக்கு 680 ரூபாய். முறுக்குச் சுற்றுகிற அந்தத் தாயும் ஒரு புள்ளி. முகாமுக்குப் பிள்ளையை அனுப்புகிற வீடு, அனுப்பாத வீடு, பிள்ளையே இல்லாத வீடு எல்லாம் புள்ளிதான். "என் மகனுக்கு நானே தனியாகக் கட்டிவிடுகிறேன்" என்று இரண்டு பேர் காலையிலேயே சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம் அண்ணே. அதையும் பெட்டியிலேயே போடுங்கள்.

680 முடியாத வீடு உண்டு, எனக்குத் தெரியும். அவர்கள் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு வரை உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கட்டும். நம் பாட்டிமார் செய்த பிடியரிசிக் காணிக்கைதான். முடிந்த வீடுகளும் எடுத்து வையுங்கள், அப்போதுதான் யார் வீட்டு அரிசி என்ற பேச்சு வராது. குருத்தோலை ஞாயிறு அன்று எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி, படி அளந்து ஏலம் விடுவோம். குறைகிற தொகை அதில் வந்துவிடும். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை நீங்கள் எவ்வளவுக்கு ஏலம் எடுத்தீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

பெட்டி ஆலய வாசலில் இடப்பக்கம் இருக்கிறது. மேலே துவாரம், பூட்டு. நோட்டுப் புத்தகம் வைக்கவில்லை, பேர் வாசிக்கவும் மாட்டோம். மொத்த வரவு செலவு மட்டும் ஜூன் முதல் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பைகளைக் கடையில் வாங்கப் போவதில்லை. நம் அக்காமார் மூன்று பேர் தைத்துத் தருகிறார்கள். இருபத்திரண்டும் ஒரே துணி, ஒரே நீலம், ஒரே அளவு. நாளைக் காலை துணி எடுக்கப் போகிறோம். கூட வருகிறவர்கள் பத்து மணிக்கு ஆலய வாசலுக்கு வந்துவிடுங்கள்.