இனிப்புத் தேயிலைத் தண்ணீர் கொம்புச்சா ஆவது எப்படி

வணக்கம் நேயர்களே.

பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது எதற்கென்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தடவாவிட்டால் அது கள்ளாகிவிடும். அந்தக் கள்ளையும் நாள் கணக்கில் திறந்து வைத்தால் காடியாகிவிடும். முதல் வேலையைச் செய்வது ஈஸ்ட். சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இரண்டாவது வேலை அசிட்டிக் பாக்டீரியாவுடையது. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக்குகிறது. இந்த இரண்டு வேலையும் ஒரே ஜாடிக்குள், ஒரே சமயத்தில், இனிப்புத் தேயிலைத் தண்ணீரில் நடந்தால் அதுதான் கொம்புச்சா.

மேலே தட்டுப் போல மிதக்கிறதே, அதை ஸ்கோபி என்கிறார்கள். காளான் என்று பலரும் நினைக்கிறார்கள், காளான் இல்லை. பாக்டீரியா நெய்த செல்லுலோஸ் அது, பஞ்சில் இருக்கிற அதே பொருள். தொட்டால் இளநீர் வழுக்கை மாதிரி வழுவழுப்பு, பிய்த்தால் லேசில் பிய்யாது. ஆனால் உண்மையான சரக்கு அந்தத் தட்டில் இல்லை, அதைச் சுற்றியுள்ள புளித்த தண்ணீரில்தான் இருக்கிறது. தயிருக்கு உறை மோர் எப்படியோ, இதற்கு அந்தத் தண்ணீர் அப்படி. தட்டை மட்டும் வாங்கிவந்து போட்டுவிட்டு, பூஞ்சை பிடித்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்.

அளவைச் சொல்கிறேன். 1 லிட்டர் தண்ணீர், 6 கிராம் தேயிலை, அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன், 70 கிராம் வெள்ளைச் சர்க்கரை, முந்தின தடவை புளித்த தண்ணீர் 150 மில்லி. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்துவிடுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் கைக்குச் சூடே தெரியாத அளவு ஆறிய பிறகுதான் உறைத் தண்ணீரையும் தட்டையும் சேர்க்க வேண்டும். ஏலக்காய், மசாலா சேர்த்த தேயிலை வேண்டாம். அந்த எண்ணெய்கள் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. கருப்பட்டி போடலாமா என்று கேட்பீர்கள். புளிக்கும்தான், ஆனால் ருசியும் வேகமும் தடவைக்குத் தடவை மாறும். பழகும்வரை சர்க்கரையே போதும்.

தண்ணீர் விஷயத்தில் மதுரைக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் இருக்கும் காரத்தன்மை, உறைத் தண்ணீரின் அமிலத்தை முறித்துவிடும். வெறும் தேநீருக்கு அமிலம் குறைவு. புளிப்பை அளக்கும் எண் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். முதல் நாளிலேயே அது 4.5-க்குக் கீழே இறங்கினால்தான் பூஞ்சைக்கு இடம் கிடைக்காது. பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கலந்தவுடன் ஒரு துண்டை நனைத்துப் பாருங்கள். 4.5-க்கு மேல் காட்டினால் இன்னும் 50 மில்லி உறை ஊற்றுங்கள்.

ஜாடி கண்ணாடியாக, வாய் அகலமாக இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடியும் வேண்டாம், அதன் பளபளப்புப் பூச்சில் காரீயம் இருக்கலாம். வாயை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். கொசுவலைத் துணி போதாது; பழ ஈ அதில் புகுந்து முட்டையிடும். இறுக்கமான மூடி போட்டாலோ பாக்டீரியாவுக்குக் காற்றில்லாமல் ஆல்கஹால் மட்டும் சேரும்.

24-லிருந்து 29 டிகிரி வரை இதற்குச் சௌகரியமான சூடு. நம் ஊர்ச் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 35-ஐத் தொடும். அப்போது ஈஸ்ட் முந்திக்கொள்ளும். சாராய நெடியும் வெடுக்கென்ற புளிப்பும் வரும். ஜாடியை ஓர் அகலச் சட்டியில் நாலு விரல் தண்ணீரில் நிறுத்தி, இடுப்பைச் சுற்றி ஈரத் துணி கட்டுங்கள். வாய்த் துணி மட்டும் நனையவே கூடாது. நனைந்தால் காற்றும் அடைபடும், பூஞ்சையும் அங்கிருந்தே தொடங்கும். மார்கழியில் பத்து நாள் எடுப்பது கோடையில் ஐந்தாறு நாளில் முடிந்துவிடும். நான்காம் நாளிலிருந்து தினம் ஒரு ஸ்பூன் ருசி பாருங்கள். பிஎச் 3-ஐ ஒட்டி வந்ததும் எடுத்துவிடலாம், 2.5-க்குக் கீழே போகவிடாதீர்கள்.

தட்டுக்கு அடியில் பழுப்பு நூல் தொங்கினால் பயப்படாதீர்கள், அது ஈஸ்ட். மேல்பரப்பில் உலர்ந்த பஞ்சு போல வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் அது பூஞ்சை. சுரண்டிவிட்டுக் குடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். தட்டையும் சேர்த்து மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

நுரைக்க வேண்டுமென்றால், அடுத்த தடவைக்கு உறையை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாட்டிலில் அடைக்கலாம். இஞ்சித் துண்டு, எலுமிச்சை, நன்னாரி எல்லாம் பொருந்தும். கம்பத்துப் பன்னீர் திராட்சை நாலைந்தை நசுக்கிப் போட்டால் நிறமும் மணமும் அருமை. ஆனால் பழச் சர்க்கரை சேர்ந்ததும் ஈஸ்ட் மறுபடி கிளம்பும். கோலி சோடா பாட்டிலின் கண்ணாடி ஏன் அத்தனை தடிமன் என்று யோசித்துப் பாருங்கள். வாயு அழுத்தத்தைத் தாங்கத்தான். மெல்லிய ஜூஸ் பாட்டில் வெடிக்கும். மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டு, கோடையில் ஒரே நாள் வெளியே வைத்து, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு திறங்கள்.

இப்போது அதில் என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். அசிட்டிக் அமிலம், குளுக்கோனிக் அமிலம், தேயிலையின் பாலிஃபீனால்கள், காஃபின், உயிருள்ள நுண்ணுயிர்கள், கொஞ்சம் ஆல்கஹால். போட்ட சர்க்கரை முழுவதும் போய்விடுவதில்லை. குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்து கணிசமான பங்கு மிஞ்சும். சர்க்கரை நோயாளிகள் இதைத் தண்ணீர் போலக் குடித்துவிடக் கூடாது. கடைச் சரக்கு 0.5 சதவீத ஆல்கஹாலுக்குள் இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. வீட்டுச் சரக்கு, அதுவும் பாட்டிலில் அடைத்துச் சூட்டில் வைத்தது, அதைத் தாண்டிப் போகும். நோய்களைக் குணமாக்கும் என்ற விளம்பரங்களை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்படிச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இல்லை.

1995-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தினமும் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் கடுமையாக ஏறியது. ஒருவர் இறந்துபோனார். காரணம் கொம்புச்சாதான் என்று நிரூபணமாகவில்லை. அதையொட்டி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லி கெடுதல் செய்யாமல் இருக்கலாம் என்று சொன்னது. நம் டம்ளரில் அது முக்கால்தான். கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பாதித்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். குடித்த பிறகு விடாத வாந்தியோ மூச்சு வாங்குவதோ இருந்தால், ஜாடியைக் கொட்டாமல் மூடி வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். என்ன குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.