டீக்கடை பெஞ்சுக்கு எந்த லோகோ ஒட்டுவீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தலைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கொழிஞ்சாம்பாறை மக்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

"நம் ஊர்ப்பக்கம் தொழில் முதலீட்டைக் கொண்டுவருவது விளம்பரமா, இங்கே தொழில் செய்கிறவர்களின் வாய்ச்சொல்லா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய டீச்சரம்மா விளம்பரம்தான் என்று அடித்துப் பேசினார். ஊருக்கு ஒரு லோகோ, ஒரு வாசகம், பளபளவென்று ஒரு புத்தகம், நாலு மொழியில் வீடியோ, துபாயில் ஒரு கூட்டம் என்று அவர் அடுக்க அடுக்க, நாமே ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடலாமா என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர். நான் கஞ்சிக்கோட்டில் பதினெட்டு வருடமாக லேத் பட்டறை நடத்துகிறவன். என் பேச்சு கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் வந்தார். பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்கிறவர், இங்கே ஒரு ஷெட் போடலாமா என்று பார்க்க வந்திருந்தார். கையில் டீச்சரம்மா சொன்ன மாதிரியே ஒரு பளபளப் புத்தகம். பட்டறைக்குள் வந்ததும் அதை ஸ்டூல் மேல் வைத்தவர், போகும்போது எடுக்கவே இல்லை. இன்றைக்கும் என் பையன் அதன் மேல்தான் நட்டு போல்ட்டைக் கொட்டிப் பொறுக்குகிறான். அவர் என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி.

"ஏனுங்க, கரண்டு ஒரு நாளைக்கு எத்தன தடவ போகுதுங்க?"

"வேல தெரிஞ்ச பசங்க நிப்பாங்களா, இல்ல வாளையார் எல்லை தாண்டி எங்க ஊருக்கே ஓடி வந்துருவாங்களா?"

மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "இந்த நோக்குகூலி..."

சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். சரக்கை நம் ஆட்கள் இறக்குவார்கள், சுமைத் தொழிலாளர்கள் மரத்தடியில் நின்று பார்ப்பார்கள், பார்த்ததற்கும் கூலி. 2018 மே 1-ம் தேதியோடு கேரள அரசு அதற்குத் தடை போட்டுவிட்டது. ஆனால் வெளியூர்க்காரர் மனதில் இருந்து அந்தப் பயம் இன்னும் இறங்கவில்லை. எந்த விளம்பரம் அதை இறக்கும்? "எங்கள் ஊரில் நோக்குகூலி இல்லை" என்று ஹைவேயில் போர்டு வைத்துப் பாருங்கள். படிக்கிறவன் வண்டியைத் திருப்பிவிடுவான்! நான் மேஜை டிராயரைத் திறந்து, அந்த மாதம் இரும்புத் தடி இறக்கிய கூலிக்கான ரசீதை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். அப்புறம் டீ குடிக்கிறேன் என்று வெளியே போனவர் அரை மணி நேரமாக ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், சுமைத் தொழிலாளர் ரெண்டு பேருக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து, அதே கேள்வியை அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சரம்மா, அந்த பெஞ்சுக்கு எந்த லோகோ ஒட்டுவீர்கள்?

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நான் கேட்பேன் என எதிரணி பதிலோடு காத்திருக்கிறது. கேட்க மாட்டேன். பூக்கடை வாசலில் சாக்கடை ஓடினால் எத்தனை முழம் மல்லிகை தொங்கி என்ன, அதைத்தான் கேட்கிறேன்.

நானறிய இந்தப் பக்கத்துக்குக் கிடைத்த பெரிய விளம்பரம் 2017 ஜூலை 1-ல் நடந்தது. ஜிஎஸ்டி வந்து, வாளையாரில் வணிகவரிச் சோதனை நின்றது. அதற்கு முன்னால் லாரிகள் அங்கே கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். டிரைவர் இறங்கி, ஸ்டவ் பற்றவைத்து, சோறு பொங்கிச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் வண்டி பத்தடிதான் நகர்ந்திருக்கும். பாலக்காட்டில் இருந்து ஐம்பது கிலோமீட்டரில் கோவை இருந்து என்ன பிரயோசனம்? ஜிஎஸ்டியால் எனக்கு வேறு தலைவலிகள் உண்டு, அது வேறு பட்டிமன்றம். ஆனால் சாவடி போனதை ஊர் ஊராகச் சொன்னது யார்? அங்கே சோறு பொங்கிய அதே டிரைவர்கள்தான்.

விளம்பரத்தின் பவிசையும் பார்த்துவிட்டோம். கஞ்சிக்கோட்டுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று 2008 ரயில்வே பட்ஜெட்டில் சொன்னார்கள். 2012-ல் அடிக்கல் நாட்டு விழா. மந்திரி, மேடை, மாலை, பத்திரிகையில் படம். எந்த ஊருக்குக் கிடைக்கும் இந்த விளம்பரம்? கல் வந்தது. பெட்டி வரவில்லை.

இப்போது அடுத்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. புதுச்சேரியில் 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். வெளியூர்க்காரர்கள் கடற்கரையைக் கற்பனை பண்ணாதீர்கள், இது கஞ்சிக்கோடு இருக்கிற புதுச்சேரி பஞ்சாயத்து. சந்தோஷம்தான். ஆனால் அங்கே வருகிறவன் கேட்கும் முதல் கேள்வி தண்ணீராக இருக்கும். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக நம் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வர வேண்டியது வருடத்துக்கு 7.25 டிஎம்சி. அதற்கே ரெண்டு மாநிலமும் முட்டிக்கொள்கின்றன. பிளாச்சிமடை வேறு இருக்கிறது. அங்கே 2000-ல் வந்த குளிர்பான ஆலை 2004-ல் நின்றது. நடுவில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று அந்த ஊர் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அந்தச் சின்னக் குடியிருப்பின் பெயர் உலகம் முழுக்கப் போனது, ஒரு பைசா விளம்பரச் செலவில்லாமல். அதை மறைத்து வீடியோ எடுக்க முடியாது. தொழிலுக்கு எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து, நெல்லுக்கும் தென்னைக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். வருகிறவனும் நம்புவான், விவசாயியும் மண்வெட்டியோடு வாசலுக்கு வர மாட்டான்.

டீச்சரம்மா ஒன்று நியாயமாகச் சொன்னார்: நல்லது செய்தாலும் சொன்னால்தானே தெரியும்? ஒத்துக்கொள்கிறேன். 2019-ல் கேரளத்தில் ஒரு சட்டம் வந்தது. மாசு அதிகமான சிவப்புப் பட்டியல் தொழில்கள் நீங்கலாக, சிறு தொழில் தொடங்குகிறவர் ஆன்லைனில் பதிந்து ஒப்புகைச் சான்று வாங்கிவிட்டால், மூன்று வருடம் உரிமத்துக்கு அலையாமல் தொழில் நடத்தலாம். எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் தாண்டினால் இது எத்தனை பேருக்குத் தெரியும்? கோவைக்காரரிடம் சொன்னேன். "நெசமாத்தானுங்களா?" என்றார். அந்தப் புத்தகத்திலேயே இருந்த விஷயம்தான். அதில் அவர் படிக்கவில்லை. நான் என் சான்றைக் காட்டியதும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆகவே துபாய்க் கூட்டத்துக்கு வைத்த காசில், கோவை கணபதியிலும் சிட்கோ தொழிற்பேட்டையிலும் இருக்கிற பட்டறைக்காரர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கஞ்சிக்கோட்டில் இறக்கிவிடுங்கள். அதிகாரிகள் கூட வர வேண்டாம், அவர்கள் இருந்தால் எங்களுக்கு வாய் வராது. டீச்செலவு என்னுடையது.

அந்தக் கோவைக்காரர் ஷெட் போட்டாரா என்று எதிரணி கேட்கும். இன்னும் இல்லை. மூன்று கேள்விக்கும் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பும்போது, ஹைவேக்கு ஏறும் குறுக்கு ரோட்டில் கார் ஒரு குழியில் இறங்கி அடி தட்டிவிட்டது. போன வாரம்கூட போன் பண்ணினார். "அண்ணா, அந்த ரோடு போட்டாச்சுங்களா?"

முன்வரிசையில் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாராவது ஒரு தேதி சொன்னால், மேடையை விட்டு இறங்கியதும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.