பாலக்காட்டு ஏப்ரலும் எலியட்டின் இடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளைகளை மிரட்டுகிற கவிதை டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’. 1922இல் வந்தது. ஐந்து பகுதி, 434 வரி. சில பதிப்பில் 433 என்றிருக்கும். எண்ணிக்கையில் வந்த குழப்பம், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பரீட்சைத் தாளில் ஆங்கிலம். இந்தக் கவிதைக்கு அது பெரிய வசதி. ஆனால் முதல் வரியிலேயே ஊர் காலை வாரிவிடும்.

மாதங்களிலேயே கொடியது ஏப்ரல் என்று தொடங்குகிறது. சித்திரை வெயிலில் கிணறு வற்றிக் கிடக்கும் ஊரில் இதை யார் மறுப்பார்கள்? “வெப்பத்தின் கொடுமையைக் கவிஞர் பாடுகிறார்” என்று விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். தப்பு. இங்கிலாந்தில் ஏப்ரல், குளிர் விட்டு மழை விழுந்து வேர் கண்விழிக்கிற மாதம். மரத்துப்போய்த் தூங்கினவனை உலுக்கி எழுப்புவதுதான் இங்கே கொடுமை. கவிதையில் அந்த ஏப்ரலில் முளைக்கிற லைலாக் பூவுக்குப் பதிலாக விஷுக் கொன்றையைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குக் கை துறுதுறுக்கும். கொன்றை வெயிலில் பூப்பது. சொன்னால் பழைய தப்புக்கே திரும்பிவிடுவோம்.

முதல் பகுதியிலிருந்து நடத்தினால் பன்னிரண்டாம் வரியிலேயே ஜெர்மன் மொழி வந்து நிற்கும், வகுப்பு படுத்துவிடும். நான்காம் பகுதியில் தொடங்குங்கள். பத்தே வரி. பிளெபஸ் என்ற பினீசியன், அதாவது பழங்காலக் கடல் வணிக இனத்தவன், செத்து இரண்டு வாரம். லாப நட்டத்தை மறந்துவிட்டான். கடலடி நீரோட்டம் அவன் எலும்பைக் கொத்தித் தின்கிறது. அகராதியைத் திறக்காமல் மூன்று தரம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு முதல் பகுதிக்குப் போய் 47ஆம் வரியையும் 55ஆம் வரியையும் காட்டுங்கள். சீட்டுப் பார்த்துக் குறி சொல்பவள் முழுகிப்போன மாலுமியின் சீட்டை எடுக்கிறாள். தண்ணீரில் சாவு, ஜாக்கிரதை என்கிறாள். முடிச்சைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். இந்தப் பகுதி முதலில் நீளமான கப்பல் கதையாக இருந்தது. எலியட்டின் நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்டின் பேனா வெட்டிய வெட்டில் மிஞ்சியது இந்தப் பத்து வரி.

இரண்டாம் பகுதியின் கடைசியில் ‘சீக்கிரம், நேரமாச்சு’ என்று பெரிய எழுத்தில் ஐந்து முறை ஒரு கூவல் வருகிறது. கைடு நூல்கள் அதில் காலத்தின் குரலைக் கேட்கின்றன. இருக்கட்டும். முதலில் அது மதுக்கடையை மூடப்போகிறவன் போடுகிற சத்தம். அந்த மதுக்கடையில் நடக்கும் ஊர்வம்பை ஒரு மாணவி வாசிக்கட்டும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் இடையில் கத்தட்டும். பத்துப் பக்கக் குறிப்பு செய்யாததை அந்தக் கத்தல் செய்யும்.

குறிப்பு என்றதும் இன்னொன்று. பின்னிணைப்பில் உள்ள குறிப்புகளைப் புத்தகமாக வந்தபோதுதான் எலியட் சேர்த்தார். பிற்பாடு அவரே அவற்றைப் போலிப் பாண்டித்தியம் என்று கேலி செய்தார். அதைத் திறவுகோல் என்று நம்பி மனப்பாடம் செய்கிறவர்கள்தான் அதிகம் வழிதவறுகிறார்கள்.

இனி ஐந்தாம் பகுதி. இங்கேதான் எல்லைப்புறப் பிள்ளைகள் முந்துவார்கள். இடி ‘த’ என்கிறது. தமிழில் சொல்லின் முதலில் வரும் த-வை அழுத்தமில்லாமல் படித்துப் பழகிவிட்டோம். அப்படிப் படித்தால் இடி இடிக்காது. மலையாளத்தில் இடியின் அந்த அழுத்தமான ஒலிக்குத் தனி எழுத்து உண்டு. ‘தயவு’ என்று நாம் சொல்வதை மலையாளி சொல்லும்போது கேளுங்கள், அந்த ஒலி. பலகையில் அந்த மலையாள எழுத்தைப் பெரிதாக எழுதிப்போட்டு வகுப்பே சேர்ந்து சொல்லட்டும். அந்த ‘த’விலிருந்து மூன்று சமஸ்கிருதச் சொற்கள் வருகின்றன. தத்த, தயத்வம், தம்யத: கொடு, இரங்கு, அடக்கு. தத்தெடுத்த பிள்ளை என்கிறோமே, கொடுக்கப்பட்ட பிள்ளை, அந்தத் தத்துதான் இது. இரண்டாவது நம் தயவு. மூன்றாவதுக்கு மலையாளத்தில் தமனம் இருக்கிறது.

இந்த இடியின் கதை பிருகதாரண்யக உபநிஷத்தில் உள்ளது. எலியட் குறிப்பில் 5, 1 என்றிருக்கும். தேடினால் 5, 2இல்தான் கிடைக்கும். அங்கே படைப்புக் கடவுளான பிரஜாபதி சொன்ன ‘த’ என்ற ஓரெழுத்தைத் தேவர்கள் அடக்கு என்றும், மனிதர்கள் கொடு என்றும், அசுரர்கள் இரங்கு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். எலியட் மனிதர்களுக்கானதை முதலில் வைத்தார். ஏன் வைத்தார் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும், எந்தக் கைடையும் பார்த்து எழுத முடியாது.

கடைசியாக வகுப்புக்கு ஒரு வேலை. ஐந்தாம் பகுதியில் மழை பெய்ததா? ஈரக் காற்று மழையைக் கொண்டு வருகிறது என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே கங்கை வற்றிக் கிடக்கிறது, இலைகள் மழைக்குக் காத்திருக்கின்றன, மேகம் எங்கோ இமயத்தில் திரள்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மழை வாசனையைக் காட்டிவிட்டு ஏமாற்றுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பென்சிலோடு உட்கார்ந்து, துளி மண்ணில் விழுந்த வரியைத் தேடட்டும். 424ஆம் வரிக்கு வரும்போது ஒருவன் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் சமவெளி அப்போதும் காய்ந்துதான் கிடக்கும்.

வணக்கம்.