கல்வெட்டுக்கு இடமில்லாத நன்கொடை

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஒரு சின்ன அறக்கட்டளையோடு சேர்ந்து, மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றின் பிரசவப் பிரிவுக்கு உதவி தேடித் தருகிறேன். வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும், "பணம் கேட்கப் போறியா?" என்று வீட்டிலேயே கேலி செய்தார்கள். கேட்கத்தான் போகிறேன். எதற்குக் கேட்பது என்பதில்தான் எனக்கும் ஊருக்கும் வழக்கு.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு நல்ல மனசுக்காரர் ஒருவர் இன்குபேட்டர் வாங்கித் தந்தார். ரிப்பன் வெட்டி லட்டு கொடுத்தார்கள். சுவரில் அவர் பெயரைக் கல்லில் பதித்தார்கள். ஆறு மாதத்தில் உள்ளே ஏதோ பழுது. சரிசெய்ய ஆள் வரவே இல்லை. அப்புறம் பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினோம். ஒளிப்பானேன், துவைத்த துணியை அதற்குள்தான் மடித்து வைத்தோம். குறைமாதப் பிள்ளைகளை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து முண்டு கட்டித்தான் சூடு கொடுத்தோம். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1970களின் கடைசியில், இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை அது. இன்று உலகமே அதைச் செய்கிறது. ஆனால் அந்தத் தாய் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை மூச்சு சீராக இருக்கிறதா, பால் குடிக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை யாரும் நன்கொடையாகத் தருவதில்லை.

தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, 1993இல் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்று பெயர் கொண்ட பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையில் வாழ்கிறவர்கள். அன்றைக்கு அங்கிருந்து மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 147 ஒரு வயதைத் தாண்டவில்லை. ஊர்க்காரர்கள் கூரை வேய்ந்து கட்டித் தந்த நூறு சதுர அடிக் குடிசைதான் ஆஸ்பத்திரி. ஒரு பல்பும் ஒரு மரப்பெஞ்சும் இருந்தன. பிரசவம் பார்த்தது அந்தப் பெஞ்சில்தான்.

படித்த நர்ஸ் அந்தக் காட்டுக்கு வரவில்லை. வந்தாலும் தங்கவில்லை. சரி என்று, எட்டாவது, பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களையே உட்கார வைத்துப் பழக்கினார்கள். பிரசவம் பார்ப்பதிலிருந்து அறுவை அரங்கில் கூட நிற்பது வரை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஊர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய வயதான பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணி வீட்டுக்குப் போவது, பிள்ளையை எடை போடுவது எல்லாம் அந்தப் பாட்டிமார் வேலை. கட்டடம் பிறகு மெல்ல வளர்ந்தது. 147 என்றிருந்த கணக்கு 20ஐ ஒட்டி வந்தது.

அது அந்தக் காலம், இப்போதுதான் 108 வண்டி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவம் மருத்துவமனையில்தான். "ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று வீடு வீடாகக் கூப்பிட்ட காலம் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தவளை யார் பார்ப்பது என்பதுதான் இப்போது கேள்வி.

உதிரப்போக்கைச் சொல்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு அரை லிட்டர் ரத்தம் போனாலே ஆபத்தின் வாசல். ஆனால் கண்ணால் பார்த்து அளவு சொல்ல யாராலும் முடியாது. பாய் குடித்தது, துணி குடித்தது, தரையில் போனது எல்லாம் கணக்கில் வராது. நானும் எத்தனையோ முறை குறைத்துச் சொல்லியிருக்கிறேன். இதற்கு ஒரு பிளாஸ்டிக் பை இருக்கிறது. தாயின் இடுப்புக்கு அடியில் விரித்தால் ரத்தம் அதில் வடிந்து சேரும், பையில் அளவுக்கோடு போட்டிருக்கும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பாதி மருத்துவமனைகளில் கோடு போட்ட பையும், கோட்டைத் தொட்டதும் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சியும். மீதியில் கோடில்லாத பை, வழக்கமான கவனிப்பு. கோடும் பயிற்சியும் இருந்த இடங்களில் கடுமையான உதிரப்போக்கு, மற்ற இடங்களை ஒப்பிட 60 சதவீதம் குறைவு.

கோட்டைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். கருப்பையைத் தேய்த்துவிட, ஊசி போட, கை நடுங்காமல் டிரிப் ஏற்ற வேண்டும். உதிரப்போக்கைத் தடுக்கப் பிள்ளை பிறந்ததும் போடுகிற ஆக்சிடோசின் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் அதன் வீரியம் குறைந்துவிடும், பார்த்தால் தெரியாது. மருந்தும் போட்டு, ரத்தமும் நிற்காமல், "ஏன் கேட்கலை" என்று முழித்த ராத்திரி ஒன்று எனக்கு உண்டு. அந்தத் தாய் பிழைத்தாள். எங்கள் பட்டியலில் அதனால்தான் முதலில் இருப்பது, மருந்து ஃபிரிட்ஜுக்கு ஓர் இன்வெர்ட்டர்.

போன வருடம் ஒருவர் ஃபோன் செய்தார். அம்மா பெயரில் ஓர் அறை கட்டித் தரலாமா என்றார். "அறை வேண்டாம் ஐயா, ராத்திரி டூட்டிக்கு ஒரு நர்ஸுக்கு இரண்டு வருடச் சம்பளம் கொடுங்கள்" என்றேன். "அம்மா பெயரை எங்கே போடுவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்புறம் அவரே சிரித்துவிட்டார். மறுவாரம் பணம் வந்தது.

அந்தப் பணத்தில் சேர்ந்த பெண் பக்கத்து ஊர்க்காரி. வலி எடுத்து வருகிறவர்களில் பாதிப் பேரை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். வண்டியிலிருந்து இறங்கும்போதே கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள்.