லேசர் காட்டும் எண்ணை நம்பிப் பல்லைக் குடையலாமா?

வணக்கம் நேயர்களே. பேனா போல ஒரு லேசர் கருவியைப் பல்லில் வைத்ததும் 'பீப்' என்று சத்தம் வந்து, திரையில் ஓர் எண் தெரிவதைச் சில பல் மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். "லேசரே சொல்லிடுச்சே டாக்டர், அடைச்சிடுங்க" என்று பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் உடனே அடைப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டயக்னோடென்ட் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். 655 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பல்லுக்குள் செலுத்தும். சொத்தையில் கிருமிகள் விட்டுச்செல்லும் போர்ஃபிரின் போன்ற பொருட்கள் அந்த ஒளியை வாங்கி வேறு ஒளியாகத் திருப்பி அனுப்பும், அதைத்தான் 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டுகிறது, எண் கூடினால் சொத்தை இருக்கலாம் என்று கணக்கு. அதாவது பல்லில் விழுந்த குழியை அது அளப்பதே இல்லை, திரும்பி வரும் ஒளியை மட்டும்தான் அளக்கிறது. அதனால் கறை, காறை, பல்லில் படிந்த அழுக்கு, ஏன், சுத்தம் செய்தபின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பேஸ்ட்கூட எண்ணை ஏற்றிவிடும்.

அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. கண்ணால் பார்ப்பதைவிட லேசர் அதிகச் சொத்தைகளைப் பிடிக்கிறது, ஆனால் நல்ல பல்லையும் சொத்தை என்று சொல்வது கூடுகிறது, எனவே இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றது அது.

இது நம் தர்மபுரி மாவட்டத்துக்கு ரொம்ப முக்கியம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது, அதற்கு முன் ஃப்ளோரைடு மிகுந்த போர் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏராளம். பல் உருவாகும் வயதில் உடம்பில் சேர்ந்த ஃப்ளோரைடு, பல்லின் மேல் ஓடான எனாமலைச் சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஆக்கிவிடும், பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் அந்தப் பல் மாறாது. அப்படிப்பட்ட பழுப்புக் கறையின் மேல் லேசரை வைத்தால் சொத்தை இல்லாமலேயே எண் ஏறலாம். அதை நம்பிக் குடைந்துவிட்டால் போன எனாமல் மறுபடி வளராது.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் ஒளிந்திருக்கும் சொத்தையைச் சந்தேகிக்க நல்ல துணை, கதிர்வீச்சும் இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, காற்றடித்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் அதை வைக்க வேண்டும். எண் கூடுதலாக இருந்து கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கலாம், அல்லது எண்ணைக் குறித்துவைத்துச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். குழி விழாத ஆரம்பச் சொத்தை என்றால் பல்லின் மேல் மட்டும் தடவும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, இனிப்பைக் குறைத்தாலே பல நேரம் அங்கேயே நின்றுவிடும். அப்புறம், ஏற்கெனவே அடைத்த பல்லுக்கு இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடைத்த பொருளே எண்ணைக் குழப்பிவிடும், அங்கே எக்ஸ்ரேதான் பார்க்க வேண்டும்.